வாய் சொல்வது பாதி, விரல் சொல்வது மீதி: பொருள் எப்படிச் சேர்கிறது?

"செரிங்க." கொங்கு நாட்டில் விடிந்தது முதல் அடைந்தது வரை காதில் விழுந்துகொண்டே இருக்கும் சொல் இது. சட்டென்று, தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துச் சொன்னால் சம்மதம். "செரீங்க" என்று இழுத்து, கண்ணைத் தரையில் வைத்துச் சொன்னால் சம்மதம் இல்லை, எதிர்த்துப் பேச விருப்பமும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே எழுந்து "செரிங்க" என்றால் பேச்சு முடிந்தது, கிளம்புகிறேன் என்று பொருள். எழுதிப் பார்த்தால் மூன்றும் ஒரே சொல்தான். அவற்றை வேறுபடுத்துவது குரலின் நீளமும், கண் போன திசையும், துண்டும்.

பேச்சு, எழுத்து, படம், நிறம், ஒலி, சைகை, இடம் போன்றவற்றை நாம் தனித்தனியாக அனுப்புவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்றைச் சேர்த்தே அனுப்புகிறோம், எதிரில் இருப்பவரும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். இதைப் பல்வழித் தொடர்பு என்று சொல்லலாம்.

இயல், இசை, நாடகம் என்று மொழியை மூன்றாகப் பார்த்த மரபுக்கு இது அந்நியமான எண்ணம் இல்லை. சொல் தனியாக நிற்கும்போது ஒரு வேலை, பண்ணேறும்போது இன்னொரு வேலை, உடலேறும்போது வேறொரு வேலை. கல்வித்துறையில் இதை வரையறுத்து எழுதியது 1996இல். நியூ லண்டன் குழு என்று அறியப்படும் பத்து ஆய்வாளர்கள், மொழி, காட்சி, ஒலி, உடலசைவு, இடம் என ஐந்து வழிகளைப் பிரித்துக் காட்டினார்கள். இவை கலந்து வருவதை ஆறாவதாக, தனியாகவே கணக்கில் வைத்தார்கள். அந்தக் குழுவில் ஒருவரான குந்தர் கிரெஸ் பிறகு இந்தத் துறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர்.

இடம் எப்படிப் பேசும் என்று சிலருக்குத் தோன்றலாம். வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசுவதும், ஆசாரத்துக்கு, அதாவது வீட்டின் முன்கூடத்துக்குக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரச் சொல்லிப் பேசுவதும் ஒன்றா? பேசிய சொற்கள் ஒன்றாகவே இருந்தாலும் வந்தவர் வேறு வேறு சேதியோடுதான் வீடு திரும்புவார்.

ஒவ்வொரு வழிக்கும் ஒரு கைவரிசை

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இது. "வீட்டுக்கு முன்னால் கிணறு இருக்கிறது" என்று சொல்லும்போது கிணறு இடப்பக்கமா, வலப்பக்கமா, எத்தனை அடி தள்ளி என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதையே வரையச் சொன்னால் தப்ப முடியாது. ஏதோ ஓர் இடத்தில் கிணற்றை வைத்தே ஆக வேண்டும். படம் இடத்தையும் அளவையும் தானாகச் சொல்லிவிடும்.

ஆனால் படத்துக்கு "இல்லை" என்று சொல்லத் தெரியாது. "நேற்று", "ஒருவேளை", "மழை பெய்தால்" என்றும் சொல்லத் தெரியாது. மாடு இல்லாத கட்டுத்தரையை வரைந்தால், மாடு விற்றுப்போனதா, மேய்ச்சலுக்குப் போயிருக்கிறதா, இனிமேல்தான் வாங்கப் போகிறார்களா என்பது தெரியவே தெரியாது. அதற்குச் சொல் வேண்டும். குரலுக்கு அவசரத்தைக் காட்டத் தெரியும்; அடுத்த வாரம் வரை அப்படியே இருக்கத் தெரியாது. எழுத்து இருக்கும்; ஆனால் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும், அதுவும் நின்று பார்த்தால் மட்டும்.

ஒரு செய்தி தவறிப்போகும் இடத்தில் பெரும்பாலும் சொற்பிழை இருக்காது. ஒரு வழி செய்ய வேண்டிய வேலையை இன்னொன்றின் தலையில் கட்டியிருப்பார்கள்.

துண்டுக்குள் ஒரு விலை

வேலையைச் சரியாகப் பிரித்துக் கொடுத்ததற்கு மாட்டுச் சந்தையை விடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. காங்கேயம் காளை ஒன்றை நடுவில் நிறுத்தி, வாங்குபவரும் விற்பவரும் கை கொடுத்துக்கொள்கிறார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை கேட்பதும், விரலை மாற்றிப் பிடித்து மறுவிலை சொல்வதும் நடக்கின்றன. எத்தனை என்பதை விரல் சொல்கிறது. அது நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்பது முன்னால் நிற்கும் மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும்.

வாய் சும்மா இருப்பதில்லை. "பல்லைப் பாருங்க", "சுழி சுத்தமுங்க", "கட்டாதுங்க" என்று பேச்சு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அந்தப் பேச்சில் எண் வராது. எண் முழுக்கத் தொடுதலில், வாதம் முழுக்கக் குரலில், ஆதாரம் முழுக்க மாட்டின் உடம்பில். சுற்றி நிற்கும் இருபது பேருக்குக் காதில் விழுவதெல்லாம் வாதம் மட்டுமே. அடுத்த மாட்டுக்கு விலை பேசும்போது இந்த விலையை யாரும் உதாரணம் காட்ட முடியாது.

துண்டு இங்கே செய்வது எல்லாருக்கும் போகக்கூடிய காட்சி என்ற வழியை அடைத்துவிட்டு, இருவருக்கு மட்டுமே போகக்கூடிய தொடுதல் என்ற வழியைத் திறந்துவைப்பது. 1996இன் ஐந்து வழிப் பட்டியலில் தொடுதல் தனியாக இடம்பெறவில்லை. சந்தையைப் பார்த்தவர்கள் அதைச் சேர்க்காமல் விடமாட்டார்கள்.

புதிதாகக் கற்பவர் இங்கே தவறுவது விரலில் அல்ல, முகத்தில். விரல் "முடியாது" என்னும்போது முகம் ஆசையைக் காட்டிவிட்டால், எதிரில் இருப்பவர் முகத்தைத்தான் நம்புவார். இரண்டு வழிகள் முரண்படும்போது, பொய் சொல்லக் கடினமான வழியையே மனிதர்கள் நம்புகிறார்கள்.

கண் கேட்கிறது

வழிகள் சேர்வது வெறும் கூட்டல் கணக்கா என்றால், இல்லை. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் 1976இல் வெளியிட்ட சோதனை இதற்குத் தெளிவான சான்று. "ப" என்ற ஒலியை (பாட்டில் என்பதில் வருவது போல அதிர்வோடு) ஒலிக்கவிட்டு, "க" என்று உச்சரிக்கும் வாயசைவைத் திரையில் காட்டினார்கள். பலருக்குக் காதில் விழுந்தது "ப"வும் இல்லை, "க"வும் இல்லை; "ட" போன்ற மூன்றாவது ஒலி. கண்ணை மூடினால் "ப" சரியாகக் கேட்கும். திறந்தால் மறுபடியும் மாறும். காரணம் தெரிந்த பிறகும் அது மாறுவது நிற்காது.

கண்ணும் காதும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதிவிட்டுப் பிறகு கூடிப் பேசுவதில்லை. தீர்ப்பையே சேர்ந்துதான் எழுதுகின்றன. அதனால்தான் "படம் அலங்காரத்துக்கு, எழுத்துதான் விஷயம்" என்ற நினைப்பு தவறாகிறது. அருகில் எந்தப் படம் இருக்கிறதோ அது எழுத்தைப் படிக்கும் விதத்தையே மாற்றிவிடும்.

ஒரே முகம், இரண்டு ஃப்ளெக்ஸ்

படம் பலவாறாகப் பொருள்படும். பக்கத்தில் இருக்கும் சொல் அதில் ஒன்றைப் பிடித்து நிறுத்தும். பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1964இல் இதை நங்கூரம் போடுவதோடு ஒப்பிட்டார். நம் ஊர் முக்குகளில் அதை நாள்தோறும் பார்க்கலாம். ஒரு பெரியவரின் படம். மஞ்சளும் சிவப்பும் பின்னணியில், மேலே "மணிவிழா" என்றிருந்தால் வாழ்த்து. அதே படம் கறுப்பு வெள்ளையில், "கண்ணீர் அஞ்சலி" என்றிருந்தால் இரங்கல். படத்தின் கீழ் இரண்டு தேதிகள் பக்கம் பக்கமாக நின்றாலே போதும், "தோற்றம்", "மறைவு" என்ற சொற்களைப் படிக்கும் முன்பே மனது கனத்துவிடும். இருந்த இடம்கூடப் பேசிவிட்டது.

அவசரத்தில் அடிக்கும் ஃப்ளெக்ஸ்களில் கெடுவது இந்த ஒத்திசைவுதான். சொல் அஞ்சலி என்கிறது, பின்னணி நிறம் திருவிழா என்கிறது, படம் கல்யாண வீட்டில் எடுத்த சிரிப்பு. பார்ப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். துக்க வீட்டுக்கு அந்த ஒரு கணம் பெரிய மரியாதைக்குறைவு.

அளவிலும் ஒரு கணக்கு உண்டு. விளம்பரப் பலகை எழுதுபவர்களிடையே பொதுவாக இருக்கும் விதி, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம். 100 அடி தள்ளிப் படிக்க வேண்டுமென்றால் 10 அங்குலம். தமிழுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும். ண, ன இரண்டின் சுழிகளும் தடித்த எழுத்தில் அடைத்துக்கொண்டால் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. மூன்று நொடி பார்க்கக் கிடைத்தால் ஆறேழு சொல்லுக்கு மேல் எழுதிப் பயனில்லை. மீதியை நிறமும் முகமும்தான் சொல்ல வேண்டும்.

பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் சாய்சதுரம்

இது உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பூச்சிமருந்தின் லேபிளிலும் 45 டிகிரி சாய்த்து வைத்த ஒரு சதுரம் இருக்க வேண்டும். லேபிள் முகப்பின் பரப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. அது இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்திருக்கும். கீழ் முக்கோணத்தில் நிறம், மேல் முக்கோணத்தில் குறியும் எச்சரிக்கைச் சொல்லும்.

சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மேலே மண்டையோடும் எலும்பும், சிவப்பில் "பாய்சன்" என்ற சொல்லும். மஞ்சள் அடுத்த நிலை. "பாய்சன்" என்ற சொல் உண்டு, மண்டையோடு கிடையாது. நீலம் மிதமானது, "டேஞ்சர்". பச்சை குறைந்த நச்சு, "காஷன்" (கவனம்). இந்த வரிசைக்குப் பின்னால் ஓர் அளவு இருக்கிறது. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்ல, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வாய்வழியே உள்ளே போக வேண்டும் என்பதுதான் அது. 1 முதல் 50 வரை சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. எண் சிறியதாக ஆக, நஞ்சு கடுமை கூடுகிறது.

இப்போது ஆங்கிலம் படிக்காத ஒரு விவசாயியின் கண்ணோடு அதைப் பாருங்கள். சிவப்பில் படமும் நிறமும் ஒரே சேதியைச் சொல்கின்றன. தப்பு நேர வழியில்லை. மஞ்சளில் படம் போய்விட்டது. சொல் அவருக்குப் படிக்க வராது. மிச்சம் நிறம் மட்டும். புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் விளையும் மண்ணில், பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுகிற ஊரில், மஞ்சள் நிறம் முதலில் நினைவூட்டுவது மங்கலத்தை. ஆபத்து வரிசையில் இரண்டாவது இடத்தில் இருக்கும் மருந்துக்கு அந்த நிறம் போதிய காவல் இல்லை.

நீலத்துக்கு வேறு சிக்கல். சாலை விளக்கில் சிவப்பு, மஞ்சள், பச்சை பழகிய கண்ணுக்கு நீலம் எங்கே நிற்கிறது என்று தெரியாது. பச்சைதான் மிகவும் ஏமாற்றும். பச்சை என்றால் போகலாம், பச்சை என்றால் பயிர், பச்சை என்றால் இயற்கை. இந்த லேபிளில் அதன் பொருள் "மற்றவற்றைவிடக் குறைந்த நஞ்சு" மட்டுமே. கையுறையும் முகக்கவசமும் அப்போதும் வேண்டும்.

ஆகவே மருந்துக் கடையில் சொல்லிக்கொடுப்பவர்கள் நிறத்தை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. நான்கு டப்பாக்களையும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாக அடுக்கிக் காட்டி, சிவப்பிலிருந்து பச்சை நோக்கிக் கையை நகர்த்தி, "இங்கிருந்து இங்க வரைக்கும் கொறையுதுங்க, ஆனா எதுவும் நஞ்சில்லாம இல்லீங்க" என்று சொல்வது நல்லது. வரிசை என்ற பொருளைக் கை சொல்கிறது, விதிவிலக்கைச் சொல் சொல்கிறது. கையசைவு சொல்லோடு சேர்ந்தே, அல்லது ஒரு கணம் முன்பாகவே வர வேண்டும். பேச்சு முடிந்து கை காட்டினால் இரண்டும் ஒட்டாது.

இதே தவறைத் திருத்திக்கொண்ட லேபிளும் நம் வீட்டில் இருக்கிறது. உணவுப் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சைச் சதுரத்தில் பச்சை வட்டம். அசைவத்துக்கு முன்பு பழுப்புச் சதுரத்தில் பழுப்பு வட்டம். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 2020இல் வந்த லேபிள் விதிமுறைகளில் அசைவக் குறியின் வட்டம் முக்கோணமாக மாறியது. நிறம் கைவிட்ட இடத்தில் வடிவம் கைகொடுக்கிறது.

திருப்பூர் பனியனின் உள்பக்கம் தைத்திருக்கும் வாஷ்கேர் லேபிள் வேறு வகை. ஐரோப்பாவில் எந்த மொழி பேசுபவர் வாங்குவார் என்று தெரியாததால் சொல்லையே விலக்கிவிட்டுப் படத்தில் இலக்கணம் கட்டியிருக்கிறார்கள். தொட்டி என்றால் துவைத்தல், முக்கோணம் என்றால் வெளுப்பான், சதுரம் என்றால் உலர்த்தல், இஸ்திரிப் பெட்டி, வட்டம் என்றால் கடையில் கொடுத்துச் சலவை. தொட்டிக்குள் 30 என்றால் அதற்கு மேல் வெந்நீர் கூடாது. அடியில் ஒரு கோடு என்றால் மென்மையாக, இரு கோடு என்றால் இன்னும் மென்மையாக. இஸ்திரிப் பெட்டிக்குள் புள்ளிகள் கூடக் கூடச் சூடு கூடலாம். குறுக்கே பெருக்கல் குறி போட்டால் "கூடாது". படத்துக்கு "இல்லை" சொல்லத் தெரியாது என்றோமே, அந்தக் குறையைப் பெருக்கல் குறி தீர்க்கிறது. ஆனால் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். பார்த்தவுடன் யாருக்கும் புரிந்துவிடாது.

ஊருக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும்

இதையெல்லாம் கையில் எடுத்துச் செய்து பார்ப்போம். கோமாரித் தடுப்பூசி முகாம். மாடு, எருமை எல்லாவற்றுக்கும் இலவசம், 4 மாதத்துக்கு மேற்பட்ட கன்றுகளுக்கும் உண்டு. நாள், நேரம், இடம், யாரைக் கூட்டி வர வேண்டும் என்ற நான்கும் போய்ச் சேர வேண்டும்.

முதலில் ஆட்டோ மைக். வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, ஒரு வீட்டுக்கு முன்னும் பின்னும் 60 மீட்டர் வரை பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 22 நொடிதான் ஆகும். ஆகவே சேதி 10 நொடிக்குள் முடிய வேண்டும். அப்போதுதான் ஒரு வீட்டில் இரண்டு முறை கேட்கும். "மாடு வெச்சிருக்கறவங்க கவனத்துக்கு. புதன்கெழமை காலை ஏழு மணி. மாரியம்மன் கோயில் திடல். கோமாரித் தடுப்பூசி, இலவசம். கன்னுக்குட்டியும் கூட்டிட்டு வாங்க." இவ்வளவே. "நமது ஊராட்சிக்குட்பட்ட பகுதிகளில் வசிக்கும் பொதுமக்களுக்கு" என்று ஆரம்பித்தால், யாருக்கு என்று தெரியும் முன் வண்டி அடுத்த வீதிக்குப் போய்விடும்.

மைக்கில் தேதி வேண்டாம், கிழமை போதும். கூம்பு ஒலிபெருக்கியில் பதினாறும் பதினேழும் ஒன்றுபோலக் கேட்கும். தேதியை எழுத்துக்கு விட்டுவிடுங்கள். பின்னணியில் பாட்டு ஓடக் கூடாது. பேச்சையும் பாட்டையும் காது ஒரே வாசலில்தான் வாங்கும்.

அடுத்து, பால் சொசைட்டிச் சுவரில் ஒரு தாள். காலையிலும் மாலையிலும் கேனோடு வரிசையில் நிற்பவர்கள் அதைப் படிக்க நேரம் உள்ளவர்கள். தேதி, வயது வரம்பு, தொடர்பு எண் எல்லாம் இங்கே. ஐந்தடி தள்ளி நிற்பவருக்கு அரை அங்குல எழுத்து. இடத்தின் பெயரும் கோயில் கோபுரப் படமும் ஒட்டியிருக்க வேண்டும். படம் மேலே, பெயர் அடியில் என்று பிரித்தால் கண் இரண்டையும் சேர்க்கப் பாடுபட வேண்டியிருக்கும்.

படத் தேர்வில்தான் பெரிய தவறு நடக்கும். வாயில் புண் வந்து நுரை தள்ளும் மாட்டின் படம் கண்ணை இழுக்கும், உண்மைதான். ஆனால் அது சொல்வது "நோய் வந்த மாட்டுக்கு வைத்தியம்" என்று. தன் மாடு நன்றாக இருக்கிறதே என்று பார்ப்பவர் நடையைக் கட்டிவிடுவார். தடுப்பூசி நோய் வரும் முன் போட வேண்டியது. அதனால் நன்றாக இருக்கும் ஒரு மாடு, பக்கத்தில் கன்று, ஊசி. அதுதான் சரியான படம்.

மூன்றாவது வாட்ஸ்அப். சுவரில் ஒட்டிய தாளை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினால் கைபேசியில் எழுத்து எறும்பாகிவிடும். படத்தில் நாள், இடம் மட்டும் பெரிதாக. மற்றவை படத்துக்குக் கீழே தட்டச்சு செய்தவையாக இருக்கட்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்து, பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்குச் சரியாகக் கிடைக்காமல் போகலாம். தட்டச்சு செய்த எழுத்து கிடைக்கும். கூடவே அதே பத்து நொடிக் குரலையும் அனுப்பினால் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் சேரும்.

அனுப்பும் முன் மூன்று பேரைக் கேளுங்கள். ஒருவர் குரலை மட்டும் கேட்கட்டும். ஒருவர் எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் பார்க்கட்டும். ஒருவர் எழுத்தை மட்டும் படிக்கட்டும். "எதுக்குங்க, என்னிக்குங்க, எங்கீங்க, யாரு வரோணும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஒருவருக்கு விடை தெரியாமல் இருப்பது பரவாயில்லை. அந்த வேலையை இன்னொரு வழி செய்துவிடும். இருவர் வேறு வேறு விடை சொன்னால்தான் ஆபத்து. படம் மட்டும் பார்த்தவர் "நோய் வந்த மாட்டை ஓட்டிட்டு வரச் சொல்றாங்க" என்றால் எழுத்தைத் தடிப்பாக்கிப் பயனில்லை. படத்தை மாற்றிவிட்டு, அதே ஆளிடம் கேட்காமல், இதுவரை எதையும் பார்க்காத நான்காவது ஆளிடம் காட்டிக் கேளுங்கள்.